பன்றியிறைச்சியும் அப்பிளும்: கண்டிக் குசினிக்கு ஏற்றதோர் இராப்போசனம்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பேராதனையிலே படிக்கும் அவருடைய மகள், தோழி ஒருத்தியின் இல்லத்திலே பன்றியிறைச்சியை அப்பிளோடு சேர்த்துப் பாகம் பண்ணிய உணவொன்றை உண்டு வந்தாளாம். அன்று தொடக்கம், “அதைப்போல ஒரு நாளைக்குச் செய்து தாருங்கள் அம்மா” என்று ஓயாத வேண்டுகோள். தாயும் மனம் இசைந்து, மழை விடாது பொழிந்த ஒரு சனிக்கிழமை மாலையிலே, ஆங்கிலச் சமையற் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு அதில் உள்ளவாறே செய்து பார்த்தாராம். இறைச்சி செருப்புத் தோலாயிற்று, அப்பிள் கூழாயிற்று, சட்டி முழுவதும் ஒரே தித்திப்பு. “மூன்று நாளைக்கு மீன் வாங்கக்கூடிய காசு ஓர் இரவிலே வீணாயிற்று. பிழை என்னிடத்திலா, அல்லது இந்த ஆகாரமே நமது குசினிக்கு ஒவ்வாததா?” என்று கேட்கிறார்.

பிழை அவரிடத்திலும் இல்லை, ஆகாரத்திலும் இல்லை. புத்தகம் சொல்லாமல் விட்டவற்றிலே இருக்கிறது. குளிர் தேசத்துப் பெண்மணிக்கு எழுதப்பட்ட புத்தகம், “அப்பிள் இரண்டு” என்று சொன்னால் அவள் புளிப்பு அப்பிளையே எடுப்பாள் என்பதை அறியும். “இறைச்சி நான்கு துண்டு” என்றால் ஓர் அங்குலத் தடிப்பிலே வெட்டுவிப்பாள் என்பதையும் அறியும். கண்டிச் சந்தையிலே நாம் வாங்கும் அப்பிள் வேறு. நமது கடைக்காரர் வெட்டித் தரும் துண்டும் வேறு. இவ்விரண்டையும் சரிசெய்துகொண்டால், வெளியே மழை பெய்யும் இரவிலே இதைவிட மனத்துக்கு ஆறுதலான இராச்சாப்பாடு அதிகம் இல்லை என்பேன்.

இந்தப் பக்கத்தை வாசிப்போரிற் பலர் பன்றியிறைச்சியைத் தொடாதவர்கள் என்பதை மறந்துவிடவில்லை. சைவ உணவே கொள்பவர்கள் உளர். மாமிசம் உண்டாலும் இதை மாத்திரம் விலக்குபவர்கள் உளர். இஸ்லாமியச் சகோதரிகளுக்கு இது விலக்கப்பட்டதே. அவர்களுடைய வழக்கத்தை மாற்றும் நோக்கம் எனக்கில்லை. ஆயினும், பன்றியிறைச்சி வெள்ளைக்காரரோடு வந்த பழக்கம் என்று சிலர் சொல்லக் கேட்கும்போது, மாணவர்களுக்காகவேனும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு வழியிலே கிடைக்கும் விருந்துகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கள் அடுவோர் இல்லத்து விருந்து. பெட்டைப் பன்றியோடு கூடவிடாமல், குழியிலே நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வைத்த ஆண் பன்றியின் இறைச்சியே அங்கே கள்ளோடு பரிமாறப்படுகிறது. எந்தப் பன்றிக்கு எதை ஊட்டினால் கொழுப்பு எப்படி அமையும் என்பதை அந்தக் காலத்துத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். பெரியபுராணத்திலே திண்ணனார் திருக்காளத்தி அப்பருக்கு முதல் நாள் படைத்ததும் வேட்டையாடிச் சுட்ட பன்றியிறைச்சியே அன்றோ! பின் வந்த நாட்களிலே அவர் இறைச்சியிலே தேனையும் கலந்து படைத்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். கொழுத்த இறைச்சியோடு சிறிது இனிப்புச் சேர்வது நமக்குப் புதிதல்ல.

கண்டிப் பிரதேசத்துக்கும் இதிலே ஒரு சிறு சரித்திரம் உண்டு. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் கரையிற் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் கைதியாக மலைநாட்டிலே ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரை மாணவர்கள் அறிவர். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்த அவர், கண்டிக்கு அணித்தாயுள்ள எலதெத்த என்னும் ஊரிலே வீடு கட்டிக்கொண்டு, பன்றியும் கோழியும் வளர்த்தார். 1679இலே தப்பியோடி, அனுராதபுரக் காடுகளைக் கடந்து, அரிப்புக் கோட்டையிலே ஒல்லாந்தரை அடைந்தார். 1681இலே அவருடைய நூல் இலண்டனில் வெளியாயிற்று. எலதெத்தையிலே நொக்ஸுக்குப் பன்றி இருந்தது, அப்பிள் இருந்திராது. தம் ஊர்ச் சமையலை நினைத்து ஏங்கிய நாட்களிலே அவர் எதைச் சேர்த்துச் சமைத்தாரோ! அயலவர்களைக் கேட்டிருந்தால் கொறுக்காய்ப்புளியைக் காட்டியிருப்பார்கள்.

கொறுக்காய்ப்புளியைச் சும்மா வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பன்றியிறைச்சியும் அப்பிளும் ஏன் சேர்ந்தன என்பதற்கு அதுவே விளக்கம். ஐரோப்பாவிலே இலையுதிர் காலம் அப்பிள் பழுக்கும் காலம். உதிர்ந்த பழங்களைத் தின்று பன்றி கொழுக்கும் காலமும் அதுவே. குளிர் தொடங்கியதும் பன்றியை அடிப்பார்கள். பக்கத்திலே கூடை நிறைய அப்பிள் இருக்கும். ஆனால், ஒரே காலத்திலே கிடைத்தன என்பதனால் மாத்திரம் ஒரு சேர்க்கை நூற்றாண்டுக் கணக்கிலே நிலைப்பதில்லை. பன்றியின் கொழுப்பு நாவிலே படிந்துவிடும் இயல்புடையது. இரண்டு கவளத்துக்குப் பிறகு திகட்டும். அந்தப் படிவை அறுப்பதற்குப் புளிப்பு வேண்டும். அப்பிள் செய்வது அந்த வேலையைத்தான். அதன் இனிப்பு, புளிப்புக்குத் துணை வருவது.

உலகத்திலே பன்றியிறைச்சியை ருசியாகச் சமைக்கும் இடமெல்லாம் இந்த உண்மை தெரிந்த இடங்கள். நமது நாட்டிலே ஊறு மஸ் கறிக்கு வறுத்த தூளும் மிளகும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் கொறுக்காய். குடகு நாட்டினர் ‘பந்தி கறி’ என்று ஒன்று செய்வர். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ‘பண்டி’ என்கிறோமே, அதே சொல்தான். அதற்கு அவர்கள் விடும் கறுப்பான கச்சம்புளி, கொறுக்காயின் இனத்தைச் சேர்ந்த கனியிலிருந்தே காய்ச்சப்படுகிறது. கோவையார் விந்தாலுவுக்கு வினாகிரி சேர்ப்பர். திராட்சை மதுவும் உள்ளியும் என்று பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரிலிருந்து வந்த பெயர் அது. ‘கோவையார்’ என்றது கோவாக்காரரை, கோயம்புத்தூராரை அன்று. வினாகிரி, குசினி, பாண், போறணை ஆகிய நம் வீட்டுச் சொற்களும் அந்தப் போர்த்துக்கேயர் விட்டுப்போனவையே.

இனி, கட்டுகஸ்தோட்டைச் சகோதரியின் அப்பிளுக்கு வருவோம். சந்தையிலே அழகாகச் சிவந்து பளபளக்கும் பழத்தையே அவர் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பழம் பச்சையாகத் தின்பதற்கு ஆனது. அதிலே இனிப்பு மிகுதி, புளிப்பு அற்பம். பல நாள் கப்பலிலும் குளிர் அறையிலும் கிடந்ததனால் சதையும் மாவாகியிருக்கும். சூடு பட்டதும் கரைந்து கூழாவது அதன் இயல்பு. நம்மவர்களுக்கு அப்பிள் என்றாலே ஆஸ்பத்திரி நினைவு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையிலே மூன்று அப்பிள், ஒரு பெட்டி பிஸ்கற்று, இதுவே முறை. அந்த முறைக்குச் சிவப்பு அப்பிள் பொருத்தம். சமையலுக்குப் பொருத்தமானது பச்சை நிற அப்பிள். ‘கிரானி ஸ்மித்’ என்று கடையிலே கேட்டால் தருவார்கள். கிரானி என்றால் பாட்டி. அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகருக்கு அருகே வாழ்ந்த மரியா ஆன் ஸ்மித் என்னும் மூதாட்டியின் தோட்டத்திலே 1868ஆம் ஆண்டளவில் தானாக முளைத்த கன்றிலிருந்து பரவிய இனம் அது. உறுதியான சதையும் நல்ல புளிப்பும் உடையது. சட்டியிலே துண்டு துண்டாகவே நிற்கும்.

“நம் மலைநாட்டிலே இத்தனை குளிர் இருந்தும் அப்பிள் ஏன் விளைவதில்லை?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அப்பிளின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியென்சான் மலைச்சாரல். இலையை உதிர்த்துவிட்டுப் பல வாரங்கள் கடுங்குளிரிலே உறங்கினாலொழிய அந்த மரம் செவ்வனே பூப்பதில்லை. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலேதான் உள்ளது; நமக்குக் குளிராகத் தோன்றும் மார்கழி இரவு அப்பிள் மரத்துக்கு வசந்தகாலம். 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவிலே தை மாதத்தில் சில விடியற்காலைகளிலே புல்லின்மேல் உறைபனி படிவது உண்மையே. ஆனால் ஒன்பது மணி வெயிலிலே அது மறைந்துவிடும். மரத்துக்கு அந்த உறக்கம் போதாது. அங்கும் வெலிமடைப் பக்கத்திலும் விளைவது பேரிக்காய். கல்லைப்போல உறுதியான அந்தக் காயைப் பச்சையாகக் கடிப்பவர்கள் குறை சொல்வார்கள். அது சமைப்பதற்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது இறைச்சி. ஆங்கிலேயர் ‘சொப்’ என்று சொல்வது, பன்றியின் முதுகுப் பாகத்தை விலா எலும்போடு சேர்த்துக் குறுக்கே வெட்டிய துண்டு. ஒரு புறம் எலும்பு, மறுபுறம் ஒரு விரல் அகலத்துக்கு வெண்ணிறக் கொழுப்பு, நடுவே மெல்லிய நார்ச்சதை. இந்தச் சதையிலே கொழுப்புக் குறைவு. ஆதலால் நெடுநேரம் கொதித்தால் வறண்டுவிடும். கறிக்கு ஆகும் தோட்பட்டை இறைச்சி இதற்கு நேர்மாறு. அது ஒரு மணி நேரம் வெந்தாலன்றி இளகாது. கறி சமைத்துப் பழகிய நமது கை, சொப் துண்டையும் கறியைப்போல முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்துவிடுகிறது. செருப்புத் தோல் பிறப்பது அப்படித்தான். கடைக்காரரோ சிக்கனம் கருதி அரை அங்குலத் தடிப்பிலே வெட்டித் தருவார். அது உள்ளே வேகும் முன்னே வெளியே காய்ந்துவிடும். ஓர் அங்குலத் தடிப்புக்குக் குறையாமல் வெட்டித் தரும்படி சொல்லுங்கள். ஆறு மெல்லிய துண்டுகளை விட நான்கு தடித்த துண்டுகள் நல்லவை. விலை ஒன்றே.

வாங்கும் நாளையும் கவனியுங்கள். பௌர்ணமி தினங்களிலே இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பதை நம் நாட்டிலே எவருக்கும் சொல்லத் தேவையில்லை; ஆனால் நீண்ட விடுமுறையிலே பிள்ளைகள் விடுதியிலிருந்து வரும் நாள் பெரும்பாலும் அதுவாகவே அமைந்துவிடும். முதல் நாளே வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்க. நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி மீண்டும் எழ வேண்டும். கொழுப்பு மஞ்சளாக இருத்தல் ஆகாது. சதையிலே அரிசி மணியைப்போல வெண்ணிறக் கொப்புளங்கள் தென்பட்டால், எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். அவை நாடாப்புழுவின் குடம்பிகள். அதிகாரிகள் பரிசோதித்த இறைச்சியை விற்கும் கடையையே நாடுவது நன்று. தோட்டப்புறங்களிலே வாசலுக்குக் கொண்டுவந்து விற்கும் காட்டுப்பன்றி இறைச்சி இந்தச் சமையலுக்கு ஆகாது.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டிலே பரவியபோது பலர் அஞ்சி இந்த இறைச்சியைக் கைவிட்டனர். அந்த நோய் பன்றிகளைக் கொல்லுமேயன்றி மனிதரைத் தொற்றுவதில்லை. அப்போது துன்பப்பட்டவர்கள் உண்டவர்கள் அல்லர். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையிலும் பிற இடங்களிலும் பன்றி வளர்த்துப் பிழைத்த ஏழைக் குடும்பங்களே.

நாடாப்புழுவின் அச்சமோ நியாயமானது. நம் பாட்டிமார் பன்றியிறைச்சியை மட்டுமீறி வேக வைத்ததற்கு அதுவே காரணம். அவர்களைப் பரிகசிப்பதற்கில்லை, அவர்களிடம் வெப்பமானி இருக்கவில்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களம் முன்னர் 71 பாகை சென்ரிகிறேட் என்று விதித்திருந்ததை 2011ஆம் ஆண்டிலே 63 பாகையாகக் குறைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் 3 நிமிடம் ஆறவிட வேண்டும் என்றும் சேர்த்தது. நம் ஊரிலே எல்லா இறைச்சியும் ஒரே அளவு பரிசோதனைக்குட்பட்டு வருவதில்லை என்பதனால், நான் பழைய 71ஐயே கைக்கொள்கிறேன். வெப்பமானி இல்லாதவர்கள், எலும்பை ஒட்டிய இடத்திலே கத்தி நுனியால் குத்திப் பார்க்க. வரும் சாறு தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது. சிவந்திருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். அந்த 71 பாகையிலும் இறைச்சி மிருதுவாக இருக்க வேண்டுமானால், முன்கூட்டியே உப்பு நீரிலே ஊற வைக்க வேண்டும்.

நான்கு பேருக்குச் செய்யும் விதம் இது. ஒரு லீற்றர் நீரிலே 3 மேசைக்கரண்டி உப்புத் தூளும் ஒரு மேசைக்கரண்டி சீனியும் கரைத்து, நான்கு சொப் துண்டுகளையும் அதிலே அமிழ்த்தி, இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் உப்புக் கரிக்கும். எடுத்ததும் சுத்தமான துணியால் ஈரத்தை முற்றாக ஒற்றி எடுங்கள். ஈரமான இறைச்சி வதங்குமே தவிரப் பொரியாது. ஓரத்துக் கொழுப்பிலே இரண்டு விரல் இடைவெளி விட்டு மூன்று நான்கு கீறல்கள் இடுங்கள். இல்லையேல் சூட்டிலே கொழுப்புச் சுருங்கித் துண்டு வளைந்து கிண்ணம்போல் ஆகிவிடும். மிளகு ஒரு தேக்கரண்டி, பரும்படியாக இடித்து இருபுறமும் தேய்த்துக்கொள்க. மாத்தளை மிளகு நம் கையருகே இருக்கும்போது டப்பாவிலே வரும் தூளை நாடுவானேன்? உப்பு இனிச் சேர்க்க வேண்டாம்.

அடி தடித்த தட்டையான தாச்சியை நன்கு சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, முதலிலே துண்டுகளை இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்துக் கொழுப்பு ஓரத்தைத் தாச்சியிலே பதியுங்கள். இரண்டு நிமிடத்திலே கொழுப்பு உருகி இறங்கும். இந்தச் சமையலின் வாசனை முழுவதும் அந்தக் கொழுப்பிலேதான். பின்பு துண்டுகளைப் படுக்க வைத்து, ஒரு புறத்துக்கு 3 நிமிடமாகப் பொன்னிறம் வரும் வரை பொரியுங்கள். இடையிடையே புரட்டிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வது அவசியம். பொரிந்ததும் தட்டிலே எடுத்து வையுங்கள். உள்ளே இன்னும் வேகவில்லை, கவலை வேண்டாம்.

இரண்டு பச்சை அப்பிளை, தோலைச் சீவாமல், ஒவ்வொன்றையும் எட்டுப் பிளவாக வெட்டி விதையை நீக்குங்கள். தோல்தான் பிளவு உடையாமல் தாங்குவது. அதே கொழுப்பிலே பிளவுகளை ஒரு புறத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் சிவக்க விட்டு, அவற்றையும் எடுத்துவிடுங்கள். இனி, மெல்லியதாக அரிந்த பெரிய வெங்காயம் இரண்டை இட்டு, நெருப்பை நன்றாகத் தணித்து, 10 நிமிடம் வதக்க வேண்டும். இந்தப் 10 நிமிடத்தைக் குறைக்காதீர்கள். வெங்காயம் கருகாமல் மெதுவாகத் தேன் நிறம் அடையும்போதே சாற்றுக்கு வேண்டிய இனிப்பும் கெட்டியும் பிறக்கின்றன. மா கரைத்து விடும் தேவை எழாது. கடைசியிலே ஒரு விரல் நீளக் கறுவாப் பட்டை, இரண்டு கராம்பு, தட்டிய இஞ்சி சிறு துண்டு, உள்ளி இரண்டு பல். மிளகாய்த் தூள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒரு நாளைக்கு மிளகாய்க்கு ஓய்வு கொடுத்தால்தான் அப்பிளின் குரல் கேட்கும். அவசியமென்று நினைப்பவர்கள் ஒரு பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டுப் பின்னர் எடுத்துவிடலாம்.

முக்கால் கோப்பை வெந்நீரும் ஒரு மேசைக்கரண்டி தென்னங்கள் வினாகிரியும் விட்டு, தாச்சியின் அடியிலே ஒட்டிய பொரிந்த பகுதியை மரக் கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். வினாகிரி இல்லையேல் அரைத் தேசிக்காயின் சாறு. அதை இறக்கும்போது சேர்க்க. இறைச்சித் துண்டுகளை, தட்டிலே ஊறிய சாற்றோடு, வெங்காயத்தின்மேல் அடுக்கி, மூடி, சிறு நெருப்பிலே 4 நிமிடம் விடுங்கள். திறந்து துண்டுகளைத் திருப்பி, அப்பிள் பிளவுகளை மேலே பரப்பி, மீண்டும் மூடி மேலும் 4 நிமிடம். கொதிக்கக் கூடாது, சாற்றின் ஓரத்திலே சிறு குமிழிகள் எழுந்தாற் போதும். இறக்கி, மூடியபடியே 5 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். வீட்டிலே போறணை தேவையில்லை. ஒரு தாச்சியும் ஒரு மூடியும் போதும்.

பச்சை அப்பிள் கிடைக்காத நாளும், கிடைத்தாலும் விலை கேட்டுத் திரும்பி வரும் நாளும் உண்டு. அந்த நாளைக்கு ஒன்று சொல்கிறேன். ஆங்கிலேயர் இந்தப் பக்கங்களிலே தமக்குத் தெரியாத கனிகளுக்கெல்லாம் ‘அப்பிள்’ என்று பெயர் சூட்டினர். விளாம்பழம் மர அப்பிள். ஜம்பு நீர் அப்பிள். சீத்தாப்பழத்துக்கும் ஓர் அப்பிள் பட்டம். இவற்றிலே பெரும்பாலானவை பெயரளவிலே மாத்திரம் அப்பிள். ஆனால் நம் வீட்டுக் கொல்லையிலே காய்க்கும் அம்பரெல்லாவை மேற்கிந்தியத் தீவினர் ‘பொன் அப்பிள்’ என்கின்றனரே, அது மிகப் பொருத்தமான பெயர். அதன் நிறம் திரும்பும் பருவத்திலே பச்சை அப்பிளுக்குரிய புளிப்பும், இளம் இனிப்பும், உறுதியும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. கண்டியைச் சுற்றி மரம் இல்லாத தெரு அரிது, சந்தையிலும் மலிவு. ஐந்து அம்பரெல்லாவைத் தோல் சீவி, நடுவே உள்ள முள் நார்க் கொட்டையைத் தவிர்த்துச் சதையைத் தடித்த துண்டுகளாகச் செதுக்குங்கள். அப்பிளை விட இது மெதுவாக வேகும். ஆதலால், வெங்காயம் வதங்கியவுடன் இதையும் இட்டு, ஒரு தேக்கரண்டி சீனியும் அந்த முக்கால் கோப்பை நீரும் சேர்த்து, 6 நிமிடம் மூடி வேகவிட்டு, அதன் பின்னரே இறைச்சியை வையுங்கள். வினாகிரி வேண்டியதில்லை. இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையிலே சொல்கிறேன்: கிரானி ஸ்மித்தை விட எனக்குப் பிடித்தது அம்பரெல்லாவே. நுவரெலியாப் பேரிக்காயும் ஆகும். அதற்குப் புளிப்புப் போதாது, தேசிக்காய்ச் சாறு கட்டாயம். அன்னாசியைச் சிலர் சேர்ப்பர். பழுத்த அன்னாசி இறைச்சியை நெடுநேரம் தொட்டிருந்தால் அதை மாவாக்கிவிடும். இறக்குவதற்கு ஒரு நிமிடத்துக்கு முன் சேர்ப்பதாயின் ஆட்சேபமில்லை.

இதனோடு சோறு அவ்வளவாக இசையாது. தோலோடு அவித்துப் பிளந்த வெலிமடை உருளைக்கிழங்கும், சாற்றைத் துடைத்துண்ண ஒரு இறாத்தல் சூடான பாணும் போதும். பச்சையாக ஏதேனும் வேண்டுமென்றால் வல்லாரைச் சம்பல். இதிலும் தேசிக்காய் இருப்பதனால் நன்கு ஒத்துப்போகும்.

வீட்டிலே ஒருவரேனும் இந்த இறைச்சியை உண்ணாதவராயின், அவருக்கு மனக்குறை வராமல் நடந்துகொள்வது சமைப்பவளின் பொறுப்பு. கத்தி, பலகை, தாச்சி, கரண்டி ஆகிய நான்கையும் இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். “கழுவினால் சரிதானே” என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். மாமியாருடைய மனத்தைக் கழுவ முடியாது. அம்பரெல்லாவையும் வெங்காயத்தையும் கறுவாவோடு வேறு சட்டியிலே எண்ணெயில் வதக்கி, இடியப்பத்தோடு அவருக்கு முதலிலே பரிமாறுங்கள். அது தனித்தே அருமையான கூட்டு. கண்டித் தெருக்களிலே பக்கத்து வீடு இஸ்லாமியர் வீடாக இருப்பதும், கறிக் கிண்ணம் வேலிக்கு மேலாகக் கைமாறுவதும் வழக்கம். அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டியதும் இந்தத் தனிச் சட்டியின் கூட்டுத்தான்.

மிஞ்சினால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். மீண்டும் தாச்சியிலே கொதிக்க வைப்பதை விட, இறைச்சியை எலும்பிலிருந்து மெல்லியதாக அரிந்து, சாற்றை மட்டும் நன்றாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைக்கும் தறுவாயிலே இறைச்சியை அதில் இட்டுச் சூடேற்றினால் வறளாது. பாண் துண்டுகளுக்கிடையே அரைத்த கடுகு சிறிது பூசி வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள். எலும்புகளை மைசூர்ப் பருப்போடும் ஒரு கரட்டோடும் ஒரு மணி நேரம் வேக வைத்து, மிளகுத் தூள் தூவினால், திங்கட்கிழமை இராச்சாப்பாட்டுக்கு ஒரு சூப் ஆயிற்று.